மூசையும் முளையும்

பேரியம் சர்க்கோனேட் என்ற பீங்கான் பொருளை மீகடத்தி (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்) ஆய்வாளர்கள் இரண்டு முறை தேடிப் போயிருக்கிறார்கள். முதல் முறை, குறையே இல்லாத படிகம் வேண்டும் என்பதற்காக. இரண்டாம் முறை, நல்ல படிகத்துக்குள் வேண்டுமென்றே குறையைப் புகுத்துவதற்காக. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்னும் உயர்வெப்ப மீகடத்தியை (ஆய்வகத்தில் சுருக்கமாக ஒய்பிசிஓ என்போம்) உருகிய கரைசலிலிருந்து படிகமாக வளர்க்கும்போது, அந்தக் கரைசல் தன்னைத் தாங்கியிருக்கும் மூசையையே, அதாவது உருக்கும் கிண்ணத்தையே, அரித்துவிடும். அலுமினா மூசையில் வளர்த்தால் படிகத்துக்குள் அலுமினியம் ஏறிவிடும்; மற்ற மூசைகளிலும் ஏதோ ஒன்று கரைந்து உள்ளே போகும். 1995-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் எர்ப் குழுவினர் பேரியம் சர்க்கோனேட்டிலேயே மூசை செய்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். அந்த மூசைகளில் வளர்ந்த படிகங்களின் தூய்மை 99.99 சதவீதத்துக்கும் மேல் இருந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004-இல், லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜூடித் மக்மானஸ்-டிரிஸ்கால் குழுவினர் அதே பேரியம் சர்க்கோனேட்டை ஒய்பிசிஓவோடு கலந்து மென்படலமாகப் படியவைத்தார்கள். காந்தப்புலத்துக்குள் அந்தப் படலம் தாங்கிய மின்னோட்டம், கலப்பில்லாத படலம் தாங்கியதைப் போல ஐந்து மடங்கு வரை இருந்தது. மூசையாக இருந்தபோது எந்தக் குணத்தால் கரையாமல் நின்றதோ, அதே குணத்தால்தான் இங்கும் அது மீகடத்தியோடு வினைபுரியாமல், சில நானோமீட்டர் அளவுள்ள தனித் துகள்களாகப் பிரிந்து நின்றது.

ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்தில் படித்தேன். அன்று முதல் இந்தத் துறையைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். மின்தடையின்றிக் கடத்துவது பொருளின் இயல்புதான், அதில் ஐயமில்லை. ஆனால் வலுவான காந்தப்புலத்துக்குள் அந்த இயல்பைக் காப்பாற்றித் தருபவை பொருளில் உள்ள குறைகள். முற்றிலும் குறையற்ற படிகத்தைச் சுருளாகச் சுற்றி வலுவான காந்தம் ஆக்க முடியாது. இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல, அளந்து பார்த்த உண்மை. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

1911 ஏப்ரல் 8 அன்று லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அருகே மறைவதைக் கண்டார். மின்தடை இல்லாத கம்பியைச் சுருளாகச் சுற்றினால் சூடேறாமல் எவ்வளவு வலுவான காந்தத்தையும் ஆக்கலாம் அல்லவா? 1913-லேயே அவர் ஒரு லட்சம் காஸ், அதாவது 10 டெஸ்லா, வலிமையுள்ள காந்தத்தைப் பற்றிப் பேசினார். ஆனால் அவர் சோதித்த ஈயச் சுருள், ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத புலத்திலேயே சாதாரண உலோகமாக மாறிவிட்டது. ஈயம், பாதரசம் போன்ற தூய உலோகங்கள் காந்தப்புலத்தைத் தமக்குள் விடாமல் வெளியே தள்ளும் இயல்புடையவை. 1933-இல் மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் பெர்லினில் கண்டது இதைத்தான். தள்ள முடியாத அளவுக்குப் புலம் வலுத்ததும் அவை மீகடத்தலையே மொத்தமாகக் கைவிட்டுவிடுகின்றன.

உலோகக் கலவைகள் வேறு மாதிரி நடந்துகொண்டன. ஈயத்தோடு பிஸ்மத் கலந்தால் அது மிக அதிகமான புலத்திலும் மீகடத்தியாகவே இருந்தது. கலவை சீராக இல்லை, உள்ளே பஞ்சு போல ஒரு வலைப்பின்னல் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று 1930-களில் பலரும் நம்பினார்கள். கார்கிவ் நகரில் லெவ் சுப்னிகோவ் நல்ல கலவைப் படிகங்களை வளர்த்து அளந்து, புலம் மெல்ல மெல்ல உள்ளே நுழைவது அழுக்கின் விளைவன்று, அந்தப் பொருள்களின் சொந்த இயல்பே என்று காட்டினார். 1937-இல் ஸ்டாலின் கால அடக்குமுறையில் அவர் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்; அவர் கண்டதன் முழுப் பொருளும் விளங்க இருபது ஆண்டுகள் ஆயின. 1957-இல் அலெக்சி அப்ரிகோசோவ் வெளியிட்ட கோட்பாடு, இத்தகைய பொருள்களுக்குள் காந்தப்புலம் ஒரே பரப்பாகப் பரவாமல் மெல்லிய இழைகளாக நுழைகிறது என்று சொன்னது. அந்த இழைகளைத்தான் சுழிகள் என்கிறோம்.

ஆற்றுச் சுழியின் நடுவில் ஒரு குழிவு இருப்பது போலவே இந்தச் சுழியின் நடுவிலும் மீகடத்தல் அற்றுப்போன ஒரு மெல்லிய தண்டு இருக்கிறது. அதைச் சுற்றி மின்னோட்டம் ஓயாமல் சுழல்கிறது. ஒவ்வொரு சுழியும் சுமக்கும் காந்தப்பாயம் (அதன் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) ஒரே அளவு, 2.07 × 10⁻¹⁵ வெபர். அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது. புலம் வலுத்தால் சுழிகளின் எண்ணிக்கைதான் கூடும். ஒரு டெஸ்லா புலத்தில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 48 கோடிச் சுழிகள் நிற்கும். அடுத்தடுத்த சுழிகளுக்கு இடையே உள்ள தொலைவு 50 நானோமீட்டருக்குச் சற்றே குறைவு. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால், வேறு தொல்லை இல்லாவிட்டால், அவை முக்கோண வரிசையில் ஒழுங்காக அமைகின்றன. 1967-இல் ஸ்டுட்கார்ட்டில் எஸ்மானும் டிராய்பிளும் காந்தத்தன்மையுள்ள மிக நுண்ணிய உலோகத் துகள்களை மீகடத்தியின் மேல் படியவிட்டார்கள். துகள்கள் சுழிகள் வெளிவரும் இடங்களில் போய் ஒட்டிக்கொண்டன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வரிசை தெரிந்தது. வாய்ப்புக் கிடைப்பவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். புள்ளிக் கோலம் போடுவதற்கு வைத்த புள்ளிகளைப் போலவே இருக்கும்.

இனித்தான் சிக்கல். இந்தப் பொருளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால், மோட்டாரில் கம்பியைத் தள்ளும் அதே விசை இங்கே சுழிகளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சுழி நகர்ந்தால் அதனோடு காந்தப்பாயமும் நகர்கிறது. நகரும் பாயம் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் சேர்ந்து இருந்தால் அங்கே வெப்பம் உண்டு, அதாவது மின்தடை உண்டு. மின்தடையின்றி மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் இணைகள் குலையவில்லை, பொருளின் பெரும்பகுதி இன்னும் மீகடத்திதான். இருந்தும் கம்பி சூடாகிறது. குறையற்ற படிகத்தில் சுழிகளைத் தடுக்க எதுவுமே இல்லாததால், மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் அவை வழுக்கிக்கொண்டு ஓடும். முற்றிலும் தூய்மையான படிகத்தால் காந்தம் சுற்ற முடியாது என்று சொன்னது இதனால்தான்.

ஆகவே சுழிகளை நிறுத்த வேண்டும். ஆய்வகத்தில் இதைப் ‘பின்னிங்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே பிணிப்பு என்று எழுதுகிறேன். பிணிக்கும் இடத்தை முளை என்று சொல்லலாம், மேயும் மாடு வரப்பைத் தாண்டாமலிருக்க அடித்து வைக்கிறோமே, அந்த முளை.

குறை எப்படி முளையாகிறது என்பது எளிய கணக்கு. சுழியின் நடுத்தண்டு மீகடத்தலை இழந்த பகுதி. நல்ல மீகடத்தியாக இருக்கும் இடத்தில் ஒரு தண்டைத் திறக்க ஆற்றல் செலவாகிறது. ஏற்கெனவே மீகடத்தல் இல்லாத ஒரு துகளோ, குழியோ, படிகத்தின் முறிவோ அங்கே இருந்தால், சுழி அதன் மேல் போய் அமரும்போது அந்தச் செலவு மிச்சமாகிறது. ஓடுகிற நீர் பள்ளத்தில் தங்குவது போலச் சுழி அங்கே தங்கிவிடும். அதை வெளியே இழுக்க, மிச்சமான ஆற்றலைத் திரும்பக் கொடுக்க வேண்டும். முளையின் அகலம் தண்டின் அகலத்துக்கு ஒத்திருந்தால் பிடிப்பு இறுகும். முளை மிகச் சிறியதானால் மிச்சம் கொஞ்சம்தான். மிகப் பெரியதானால் பிடிப்பு அதற்கேற்பக் கூடுவதில்லை, மின்னோட்டம் போகும் வழிதான் அடைபடும்.

இந்தப் பிடிப்பின் வலிமையை எண்ணில் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். நல்ல ஒய்பிசிஓ படலம் ஒன்று ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியர் என்ற அடர்த்தியில் மின்னோட்டத்தைத் தாங்குகிறது என்று கொள்வோம். அப்போது ஒவ்வொரு கன மில்லிமீட்டர் பொருளுக்குள்ளும் சுழிகளின் மேல் 10 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோ எடை, அழுத்துகிறது. அந்தக் கன மில்லிமீட்டரின் எடையோ ஆறு மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாத குறைகள் தம்மைச் சுமக்கும் பொருளின் எடையைப் போல ஒன்றரை லட்சம் மடங்கு விசையை எதிர்த்து, ஒரு சுழியும் அசையாதபடி பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

தாழ்வெப்ப மீகடத்திகளில் இந்தக் கலையை உலோகவியலாளர்கள் நன்றாகவே கற்றுத் தேர்ந்திருந்தார்கள். மருத்துவமனை எம்ஆர்ஐ காந்தங்களில் இருக்கும் நயோபியம்-டைட்டானியம் கம்பியை இழுத்து, சூடாக்கி, மீண்டும் இழுத்து, அதற்குள் டைட்டானியம் மிகுந்த மெல்லிய இழைகளை உருவாக்குவார்கள். அந்த இழைகளே முளைகள். கோட்பாட்டாளர்களின் பெயர்கள் பாடநூல்களில் இருக்கின்றன; ஆனால் அந்தக் கம்பியை எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று பொறுமையாகக் கண்டுபிடித்தவர்களுக்கும் அதே அளவு இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1986-இல் ஐபிஎம் சூரிக் ஆய்வகத்தில் பெட்னார்ஸும் முல்லரும் காப்பர் ஆக்சைடு மீகடத்திகளின் கதவைத் திறந்தார்கள். 1987 தொடக்கத்தில் பால் சூ, மாவ்-குவென் வூ குழுவினர் ஒய்பிசிஓ 90 கெல்வினுக்கு மேலேயே மீகடத்தியாவதைக் கண்டார்கள். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே இதைக் குளிர்விக்கப் போதும். அந்த மார்ச் மாதம் நியூயார்க்கில் நடந்த இயற்பியல் கூட்டத்தில் விடிய விடிய உரைகள் நிகழ்ந்தன. மின்தடையற்ற மின்கம்பிகள் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள்.

சுழிகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. இந்தப் பொருள்களில் சுழியின் நடுத்தண்டு மிக மெல்லியது. தாழ்வெப்பத்தில் அதன் குறுக்களவு மூன்று நானோமீட்டர் அளவே. தண்டு மெல்லியதாக இருந்தால், ஒரு குறையின் மேல் அமர்ந்து அது மிச்சப்படுத்தும் ஆற்றலும் குறைவு. 77 கெல்வினிலோ, நயோபியம் கம்பிகள் வேலை செய்யும் 4 கெல்வினோடு ஒப்பிட்டால், வெப்ப ஆட்டம் பதினெட்டு மடங்குக்கு மேல். ஓர் ஆக்சிஜன் அணு இல்லாத வெற்றிடம் போன்ற புள்ளிக்குறை தரும் பிணிப்பு, 77 கெல்வின் வெப்ப ஆட்டத்தின் முன்னே நிற்காது. முளையில் கட்டிய கயிறு தானாகவே அவிழ்ந்துகொள்ளும். சுழிகள் இப்படி ஒரு முளையிலிருந்து அடுத்த முளைக்குத் தாவித் தாவி நகர்வதை ஊர்தல் என்கிறோம். 1962-இல் பிலிப் ஆண்டர்சன் இதற்கான கோட்பாட்டைத் தந்தார். காப்பர் ஆக்சைடுகளில் ஊர்தல் மிகப் பெரிதாக இருப்பதை 1988-இல் எஷுருனும் மலோசமாஃபும் விளக்கினார்கள்.

போதாக்குறைக்கு, இவை அடுக்கடுக்கான பொருள்கள். மீகடத்தல் காப்பர்-ஆக்சிஜன் தளங்களில் வலுவாகவும் தளங்களுக்கு இடையில் நலிந்தும் இருக்கிறது. பிஸ்மத் வகைப் பொருள்களில் இந்த நலிவு மிகுதி; அங்கே ஒரு சுழி முழுத்தண்டாக நிற்காமல், இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, தளத்துக்கு ஒன்றாகத் துண்டுபட்டுக் கிடக்கும். ஒன்றைப் பிடித்தாலும் மற்றது நழுவும். இன்னும் சூடேறினால் சுழிகளின் வரிசையே பனிக்கட்டி போல உருகிவிடும். 1996-இல் ஒய்பிசிஓ படிகத்தில் இந்த உருகலுக்கான மறைவெப்பத்தையே அளந்துவிட்டார்கள். தூய படிகங்கள் இல்லாவிட்டால் இதைப் பார்த்திருக்க முடியாது. தூய்மையைத் தேடியவர்களின் உழைப்பு வீணானதென்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். முளைகளே இல்லாத வெளியில் சுழிகள் எப்படித் திரிகின்றன என்று தெரிந்தால்தானே, முளையை எங்கே அடிப்பது என்று யோசிக்க முடியும்?

எல்லாக் குறையும் நன்மை செய்யும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒய்பிசிஓவைப் பானை வனைவது போலப் பொடியாக அழுத்திச் சுட்டால், வெவ்வேறு திசையில் கிடக்கும் கோடிக்கணக்கான படிக மணிகள் கிடைக்கும். 1988-இல் ஐபிஎம்மில் டிமோஸ், சௌதரி, மன்ஹார்ட் குழுவினர், இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில் அவற்றின் திசை சில பாகைகளுக்கு மேல் விலகினாலே, எல்லையைக் கடக்கும் மின்னோட்டம் மளமளவெனச் சரிந்துவிடும் என்று காட்டினார்கள். இதுவும் படிகக் குறைதான். ஆனால் இது சுழியைத் தடுப்பதற்குப் பதிலாக மின்னோட்டத்தையே தடுக்கிறது. மின்னோட்டம் போகும் பாதையை வெட்டாமல், சுழி போகும் பாதையை மட்டும் மறிக்கும் குறையே வேண்டும். இன்றைய மீகடத்தி நாடாக்களில், ஒரு மைக்ரோமீட்டர் அளவுத் தடிமனுள்ள ஒய்பிசிஓ அடுக்கின் படிகங்களை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கும் ஒரே திசையில் நிற்கவைக்க அத்தனை பாடுபடுவது இந்த எல்லைகளைத் தவிர்ப்பதற்காகத்தான். ஒரு பக்கம் குறையை நீக்க ஒரு தொழிற்சாலையே உழைக்கிறது, அதே நாடாவின் அதே அடுக்கில் வேறு வகைக் குறையைச் சேர்க்கவும் உழைக்கிறது.

சுழி ஒரு தண்டு என்றால், அதன் முழு நீளத்துக்கும் இணையாக ஓடும் முளைதானே சிறந்தது? 1991-இல் லியோனார்டோ சிவாலே குழுவினர் 580 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட வெள்ளீய அயனிகளை ஒய்பிசிஓ படிகத்தின் ஊடாகச் செலுத்தினார்கள். ஒவ்வோர் அயனியும் தான் போன வழியில் படிக ஒழுங்கைக் குலைத்து, சில நானோமீட்டர் அகலத்தில் நேரான ஒரு தடத்தை விட்டுச் சென்றது. உயர்ந்த புலத்திலும் உயர்ந்த வெப்பநிலையிலும் பிணிப்பு வெகுவாகக் கூடியது. ஒரு தடத்துக்கு ஒரு சுழி என்று கணக்கிட்டால், 3 டெஸ்லா புலத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 15,000 கோடித் தடங்கள் வேண்டும். துகள் முடுக்கி இருக்கும் இடத்தில் ஒரு சிறு படிகத்துக்கு இதைச் செய்யலாம். கிலோமீட்டர் கணக்கில் நாடா செய்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

பேரியம் சர்க்கோனேட்டின் அருமை இங்கேதான் விளங்கும். அதன் அணிக்கோவை (படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் கட்டம்) ஒய்பிசிஓவின் அணிக்கோவையைவிட எட்டு ஒன்பது சதவீதம் பெரியது. படலம் வளரும்போது முதலில் விழும் துகள், தன்னைச் சுற்றியுள்ள படிகத்தை இழுத்து விறைக்கச் செய்கிறது. அந்த விறைப்பு மேலே வளரும் அடுக்குக்கும் பரவுகிறது. அடுத்து வரும் சர்க்கோனேட் அணுக்களுக்கு, ஏற்கெனவே இழுபட்டிருக்கும் அந்த இடமே வசதியாக இருக்கிறது. எனவே அவை பழைய துகளின் நேர் மேலேயே போய்ச் சேர்கின்றன. துகள்மேல் துகளாக அடுக்கப்பட்டு, யாரும் நடாமலே, படலத்தின் தடிமன் முழுவதும் நிற்கும் தூண்கள் உருவாகின்றன. அவற்றின் அகலம் ஐந்து முதல் பத்து நானோமீட்டர். 77 கெல்வினில் சுழியின் தண்டும் சற்றுப் பருத்து ஏறத்தாழ அந்த அகலத்துக்கே வந்துவிடுகிறது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அமித் கோயல் குழுவினர் 2005-இல் இத்தகைய தூண்களைக் காட்டினார்கள். நாடாத் தொழிலில் இந்த வழியை ஹூஸ்டனில் வெங்கட் செல்வமாணிக்கம் குழுவினர் வெகுதூரம் கொண்டுசென்றார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். லேசர் கொண்டு படலம் படியவைக்கக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில், கலப்பில்லாத ஒய்பிசிஓவில் ஒரு படலம் செய்தேன். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தகட்டின் மேல், 780 பாகை செல்சியஸ் சூட்டில், ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும், லேசர் படும் மூலப்பொருளான இலக்கிலிருந்து ஊதா கலந்த வெண்சுடர் பீறிட்டுத் தகட்டைத் தொட்டுத் திரும்பும். அரை மணி நேரத்தில் தகடு முகம் பார்க்கும் கண்ணாடி போலக் கறுத்துப் பளபளத்தது. எக்ஸ்-கதிர் அளவீட்டில் உச்சி ஊசி போலக் கூர்மையாக இருந்தது. படிகங்கள் அத்தனை ஒழுங்கு என்று பொருள். மகிழ்ச்சியோடு அந்த வரைபடத்தை மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “படம் அழகா இருக்கு தம்பி. காந்தத்துக்குள்ள வெச்சு ஓட்டிப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

ஓட்டிப் பார்த்தேன். காந்தமில்லாமல் அளந்தபோது படலம் அருமையாகவே இருந்தது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு முப்பதாயிரம் ஆம்பியர் என்ற கணக்கில் தாங்கியது. வீட்டுச் செம்புக் கம்பியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பத்து ஆம்பியர் விடுவதற்கே யோசிப்போம். ஆனால் 3 டெஸ்லாவில் வைத்து மின்னோட்டத்தை மெல்ல ஏற்றியதும், திரையில் கிடந்த மின்னழுத்தக் கோடு வெகு சீக்கிரமே தலைதூக்கியது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்ற எல்லையைத் தொட்டால் அந்த மின்னோட்டத்தோடு கணக்கை முடித்துக்கொள்வது வழக்கம்; அந்தப் புள்ளி நான் எதிர்பார்த்ததற்கு மிகவும் கீழே இருந்தது. மறு வாரம், ஐந்து சதவீதம் பேரியம் சர்க்கோனேட் கலந்த இலக்கிலிருந்து இன்னொரு படலம் செய்தேன். எக்ஸ்-கதிர் உச்சி அகன்றிருந்தது, மீகடத்தியாகும் வெப்பநிலையும் ஓரிரு கெல்வின் இறங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் கழித்துக் கட்டிவிடத் தோன்றும் படலம். அதே 3 டெஸ்லாவில், கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. முதல் படலம் தாங்கியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஏற்றிய பிறகுதான் அசைந்தது. பின்னர் நுண்ணோக்கியில் அதன் மேற்பரப்புக்கு இணையான வெட்டைப் பார்த்தபோது, நாற்று நட்ட வயலை உயரத்திலிருந்து பார்ப்பது போல, தூண்களின் தலைகள் புள்ளி புள்ளியாகப் பரவிக் கிடந்தன.

தூண்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. புலம் தூணுக்கு இணையாக இருக்கும்வரைதான் பிடி முழுமையானது. ஒரு காந்தச் சுருளின் முனைகளில் புலம் சாய்ந்து வளைந்து போகும்; அங்கே சுழிகள் தூண்களுக்குக் குறுக்காகக் கிடக்க நேரும். அதனால் தூண்களோடு, எந்தத் திசையிலும் பிடிக்கும் உருண்டைத் துகள்களையும் கலக்கிறார்கள். 2007-இல் பார்சிலோனாவில் ஒப்ரடோர்ஸ், புயிக் குழுவினர் கரைசலிலிருந்து செய்த படலங்களில் பேரியம் சர்க்கோனேட் தூணாக அடுக்கப்படாமல் சிதறிய துகள்களாகவே நின்று, சுற்றியுள்ள படிகத்தில் விறைப்பை உண்டாக்கி, எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமான பிணிப்பைத் தந்தது. தனித் தூண் ஒன்றில் மட்டும் சுழியைக் கட்டினால், அதன் ஒரு பகுதி முன்னே வளைந்து அடுத்த தூணைத் தொட்டுவிட்டால் போதும், முழுச்சுழியும் அங்கே வழுக்கிப் போய்விடும். இடையில் துகள்கள் இருந்தால் அந்த வளைவு பரவாது. வெவ்வேறு குறைகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பது இப்படித்தான்.

பள்ளி மாணவர்கள் ஆய்வகத்துக்கு வரும் நாட்களில் நான் காட்டுவது படலத்தை அல்ல, உருக்கி வளர்த்த ஒரு வட்டை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு வட்டு. அதற்குள் பச்சை நிறமுடைய இன்னொரு இட்ரியம் சேர்மத்தின் துகள்கள் முளைகளாகப் புதைந்திருக்கும். வட்டின் மேல் ஒரு தெர்மோகோல் துண்டும் அதன் மேல் ஒரு காந்தமும் வைத்து, திரவ நைட்ரஜனை ஊற்றி, கொதிப்பு அடங்கும்வரை காத்திருப்பேன். பிறகு தெர்மோகோலை உருவிவிட்டுக் காந்தத்தைத் தூக்கினால், இடைவெளி விட்டபடியே வட்டும் கூடவே தொங்கிக்கொண்டு வரும். ஒரு மாணவி கேட்டாள்: “மீகடத்தி காந்தத்தைத் தள்ளும்னு தானே சார் புக்ல இருக்கு? தள்ளினா கீழ விழணும், இது எப்படித் தொங்குது?” மிகச் சரியான கேள்வி. தள்ளுவது மட்டும் உண்மையானால் தொங்க முடியாது. குளிரும்போதே காந்தத்தின் புலம் சுழிகளாக வட்டுக்குள் சிக்கிவிட்டது. முளைகள் அவற்றை விடவில்லை. வட்டு விலகினாலும் நெருங்கினாலும் சுழிகள் நகர வேண்டியிருக்கும் என்பதால் அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. அந்தச் சிறுமி பார்த்தது பிணிப்பை.

இத்தகைய வட்டுகளுக்குள் சிக்கவைத்த புலம் 2014-இல் கேம்பிரிட்ஜ் குழுவினரின் சோதனையில் 26 கெல்வினில் 17.6 டெஸ்லாவை எட்டியது. அங்கே தடையாக இருந்தது பிணிப்பு அல்ல. பிடிபட்ட சுழிகள் வெளிநோக்கித் தள்ளும் விசையில் பீங்கான் வட்டே பிளந்துவிடும். அதனால் வட்டுகளைச் சுற்றி எஃகு வளையத்தை இறுக்கிப் போட்டார்கள். நாடாக்களில் 2019-இல் டாலஹாசி நகரின் உயர்காந்தப்புல ஆய்வகத்தில், மீகடத்தியல்லாத மின்காந்தம் ஒன்றின் 31.1 டெஸ்லா புலத்துக்குள் ஒரு சிறு மீகடத்திச் சுருளை வைத்து 45.5 டெஸ்லாவைத் தொட்டார்கள். 2021 செப்டம்பர் 5 அன்று எம்ஐடியில் அணுக்கரு இணைவு உலைக்கான பெரிய காந்தம் ஒன்று 20 டெஸ்லாவை எட்டியது. அதில் சுற்றிய நாடாவின் நீளம் 267 கிலோமீட்டர்.

ஊர்தலை அறவே ஒழிக்க முடியுமா என்றால், முடியாது. 2017-இல் செரீனா ஈலி, சிவாலே முதலியோர், எவ்வளவு நல்ல முளைகளை அடித்தாலும் ஊர்தல் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது என்றும், அந்த அளவைப் பொருளின் சொந்த இயல்பே தீர்மானிக்கிறது என்றும் காட்டினார்கள். முளை அடிப்பவரின் திறமைக்கு எல்லை வரைந்து காட்டிய அந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

இணைவு உலைகளுக்கான காந்தங்களில் இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. உலையிலிருந்து பறந்து வரும் வேக நியூட்ரான்கள் நாடாவுக்குள் மோதி, சில நானோமீட்டர் அகலத்தில் படிகத்தைக் குலைக்கின்றன. அதாவது, காந்தம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதற்குள் புது முளைகள் விழுகின்றன. வியன்னாவின் ஆய்வு உலையில் நாடாக்களை வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் அவை தாங்கும் மின்னோட்டம் கூடியது. நியூட்ரான்கள் தொடர்ந்து விழ விழ, முளையாகப் பயன்படாத சின்னஞ்சிறு குறைகளும் பெருகி எலக்ட்ரான் இணைகளையே குலைக்க, மீகடத்தியாகும் வெப்பநிலை இறங்கி, ஓர் உச்சத்துக்குப் பிறகு மின்னோட்டம் சரிந்தது. பேரியம் சர்க்கோனேட் போன்ற முளைகளை முன்கூட்டியே நிறைத்து வைத்த நாடாக்கள், அவை இல்லாத நாடாக்களைவிட முன்னதாகவே சரியத் தொடங்கின. ஆகவே உலையின் உட்புறத்தை ஒட்டி அமையும் சுருளுக்கு நாடா தேர்ந்தெடுப்பவர், முதல் நாளில் அது எத்தனை ஆம்பியர் தாங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. இன்னும் எத்தனை குறைகளுக்கு அதில் இடம் மிச்சமிருக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும்.